பிராக்கு

படத்தைப் பார்க்கிற எல்லாருக்கும் முதலில் அந்தப் பிள்ளையின் முகந்தான் தெரியும் என்று எங்களுக்கு நோர்வேஜிய மொழி படிப்பித்த ரீச்சர் சொன்னார். எனக்குப் போத்தல்தான் தெரிந்தது.

இடது பக்கத்தில், மேசையோ சின்ன அலுமாரியோ என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றின்மேல் அது நிற்கிறது. வலது பக்கக் கரையில் ஒரு கிளாஸ். இரண்டுக்கும் நடுவில்தான் பெரிய விஷயம் நடக்கிறது. வெள்ளைத் தலையணையில் முதுகைச் சாய்த்தபடி செம்பட்டைத் தலைமுடிச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் தலையைக் கவிழ்த்திருக்கிறார். வகுப்பில் நாங்கள் பதினைந்து பேர். சிலியில் இருந்து வந்தவர்கள், வியட்நாம்காரர், ஈரானியர், எங்கள் ஆட்கள் மூன்று பேர். படத்தைப் பற்றி ஆளுக்கொரு வசனம் சொல்லவேண்டும். என் முறை வந்தபோது, "மேசையில் ஒரு போத்தல் இருக்கிறது" என்றேன். ரீச்சர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, இலக்கணம் சரி என்றார்.

அது ஒஸ்லோவில் பழைய தேசியக் கலைக்கூடம் இருந்த காலம். போன இலையுதிர் காலத்தில் பேத்தி என்னைத் திரும்பவும் அந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். இப்போது எல்லாப் படங்களையும் துறைமுகப் பக்கம் புதிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2022 இல் திறந்தது. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒப்படை. எட்டு வயது. படத்தில் குற்றம் கண்டுபிடிக்க நல்ல வயது.

"அம்மம்மா, ஏன் இந்த ஆள் படத்தைக் கீறி முடிக்கேல்லை?"

எனக்கு அவள் கேட்டது காதில் விழுந்தது, பதில் வரவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கண் நேரே அந்தப் போத்தலுக்குத்தான் போயிருந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. பிராக்கு. செய்யவேண்டியதை விட்டுவிட்டு வேறெதிலோ கண்ணும் மனமும் போய் ஒட்டிக்கொள்வது. ‘பிராக்குப் பாக்காதை’ என்று பேச்சு வாங்காத பிள்ளை யாழ்ப்பாணத்தில் இல்லை. நான் அதற்காகவே பேர் போனவள்.

படத்தைக் கீறியவர் எட்வர்ட் மூங்க். ‘அலறல்’ என்ற படத்தால் உலகத்துக்குத் தெரிந்தவர். இந்தப் படத்தின் பெயர் ‘நோயாளிப் பிள்ளை’. 1885 இல் தொடங்கி அடுத்த வருஷம் வரை இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதளவில். அவருடைய அக்கா சோஃபி 1877 இல் சயரோகத்தில் இறந்தவர். பதினைந்து வயது. தம்பிக்குப் பதின்மூன்று. அதற்கு ஒன்பது வருஷம் முன்னர், 1868 இல், தாயும் அதே நோயில் போய்விட்டார். தாயின் தங்கை கரென் வந்து ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தார். நாங்கள் சின்னம்மா என்கிற முறை. தகப்பன் இராணுவ வைத்தியர். வீட்டுக்குள்ளேயே வைத்தியர் இருந்தும் அவர் செய்யக்கூடியதாக இருந்தது தொழுகைதான். சயரோகக் கிருமியை ரொபர்ட் கோக் கண்டுபிடித்ததே 1882 இல். சோஃபி போய் ஐந்து வருஷம். அதைக் கொல்லுகிற மருந்து நோயாளிகளின் கைக்கு வரமுன்னர் மூங்கும் 1944 இல் கண்ணை மூடிவிட்டார்.

படத்தில் இருக்கிற சிறுமி சோஃபி இல்லை. பெட்சி நீல்சன் என்ற பதினொரு வயதுப் பிள்ளை. சகோதரனுக்குக் கால் முறிந்துவிட்டதென்று அழுது சிவந்த கண்ணோடு இருந்தவளைத் தன் தகப்பன் வைத்தியம் பார்த்த இடத்தில் மூங்க் கண்டு, அவளைக் கூப்பிட்டு இருத்தியிருக்கிறார். ஆனால் பக்கத்தில் குனிந்திருக்கிற பெண் கரென் சின்னம்மாவேதான். சோஃபியைக் கடைசிவரை பார்த்த அதே மனுஷி. எட்டு வருஷம் கழித்து, வேறு ஒரு பிள்ளையின் பக்கத்தில், அதே மாதிரி இருக்கச் சொல்லிக் கேட்டால் ஒரு பொம்பிளைக்கு எப்படி இருந்திருக்கும்? தலையைக் குனியச் சொல்லிப் பெறாமகன் சொன்னாரா, தானாகக் குனிந்துவிட்டதா? படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதுதான் ஓடும்.

எங்கள் அக்காவுக்கு வந்தது சயரோகம் இல்லை. தொண்டை நோவில் தொடங்கி, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுமூட்டாக வீங்கியது. வாதக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் போய்விட்டது. போகிற போக்கில் இருதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது. மாதாமாதம் பெனிசிலின் ஊசி. ஒப்பரேசன் என்றால் கொழும்பு. கொழும்பு என்றால் காசு. அப்பா அந்தப் பேச்சை எடுக்கிற இரவுகளில் அம்மா எழும்பிப் போய் லாம்பைத் தணித்துவிடுவா, வெளிச்சம் குறைந்தால் பேச்சும் குறையும் என்கிற மாதிரி.

கடைசி மாதங்களில் அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். விறாந்தையில் இருந்த பிரம்புக் கதிரையை அறைக்குள் கொண்டுவந்து போட்டார்கள். முதுகுக்கு இரண்டு இலவம்பஞ்சுத் தலையணை. இருந்தபடியே நித்திரை, இருந்தபடியே சாப்பாடு. இரட்டைப் பின்னலை நான்தான் அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவேன். எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. பக்கத்து மேசையில் மருந்துப் போத்தல்கள், மூக்குப்பேணி, வருத்தம் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழம், நெஸ்டமோல்ட் ரின். தோடம்பழத்தை அக்கா சாப்பிடமாட்டா. தோலை நகத்தால் கிள்ளி மணந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்துவிடுவா. அந்த மாதங்களில் நான் தின்ற தோடம்பழத்துக்குக் கணக்கில்லை. அக்காவின் வருத்தத்தில் நான் கொழுத்தேன் என்று பெரியம்மா பகிடியாகச் சொன்னது எனக்கு இன்றைக்கும் பகிடியாகப் படவில்லை.

சோஃபியும் கடைசியில் கட்டிலில் இருந்து தூக்கிக் கதிரையில் இருத்திவிடச் சொல்லிக் கேட்டாராம். அந்தப் பிரம்புக் கதிரையை மூங்க் வீடு மாறி வீடு மாறி, சாகும்வரை கூடவே வைத்திருந்தார். இப்போது அது அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் கதிரை 1995 போர்க்கால இடப்பெயர்வோடு போய்விட்டது. திரும்பிப் போனபோது கதவு இல்லை, சன்னல் இல்லை, கூரையில் பாதி இல்லை. அதற்குள் கதிரையை யார் தேடுவது என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தா. தேடியிருக்கிறா என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

பேத்தி கேட்டதற்கு வருகிறேன். அவள் கேட்டதையேதான் 1886 இலும் கேட்டிருக்கிறார்கள், இன்னும் மரியாதை குறைவாக. அந்த வருஷத்து இலையுதிர்காலக் கண்காட்சியில் இந்தப் படத்தை வைத்தபோது, ஒஸ்லோவுக்கு அப்போது கிறிஸ்தியானியா என்று பெயர், சனம் நின்று சிரித்ததாம். ‘ஆய்வு’ என்று மட்டும் பெயர் போட்டிருந்தார் மூங்க். முடிக்காத படத்தைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறான், கை எது விரல் எது என்று தெரியவில்லை, சுவரெல்லாம் கீறல் என்று பேச்சு. அந்தக் காலத்து நோர்வேயில் ஓவியம் என்றால் உள்ளதை உள்ளபடி கீறுவது. இப்போது அந்தப் படம் இருக்கிற அதே கட்டடத்தில் கிறிஸ்தியான் குரோக் என்பவர் ஐந்தாறு வருஷம் முன்னர் கீறிய ‘நோயாளிச் சிறுமி’யும் இருக்கிறது. அவரும் சகோதரியைச் சயரோகத்துக்குக் கொடுத்தவர்தான். அந்தப் படத்தில் பிள்ளை வெள்ளைத் துணிக்குள் கதிரையில் இருந்தபடி, கையில் வாடின ரோசாப்பூவோடு எங்களை நேரே பார்க்கிறது. கண்ணின் ஈரம், நகத்தின் நிறம், பூவின் இதழ் எல்லாம் துல்லியம். பேத்திக்கு அதுதான் பிடித்தது. "இது சரியா வந்திருக்கு" என்றாள். நல்ல படந்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் முன்னால் நிற்கும்போது அந்தப் பிள்ளைக்காக இரக்கம் வருகிறது, அவ்வளவுதான். மூங்கின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு என் வீட்டு அறைதான் வருகிறது.

ஏன் என்று நான் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அக்காவின் படம் ஒன்றே ஒன்றுதான். பட்டணத்து ஸ்ரூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு கையால் நிறம் பூசி, கன்னத்தில் ரோசாவும் ரிபனில் நீலமும் வைத்துக் கொடுத்தார்கள். அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அதைத்தான் போட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இப்போது எனக்கு அக்காவின் முகம் என்றால் அந்தப் படந்தான். கண்ணை மூடி அறையை நினைத்தால் முகம் வராது. தலையணையின் வெள்ளை வரும், பின்னலின் கனம் விரலில் வரும், தோடம்பழ மணம் வரும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் அழிறப்பரால் தேய்த்த மாதிரி ஒரு தேய்வு. ஸ்ரூடியோ படம் சரியாக வந்திருக்கிறது. அறை சரியாக வரவில்லை. அறைதான் உண்மை.

மூங்க் அந்தத் தேய்வைக் கீறியிருக்கிறார். கீறியிருக்கிறார் என்பதை இரண்டு விதமாகவும் சொல்லலாம். தூரிகையால் வரைந்ததும் உண்டு, சாயம் காயமுன் சுரண்டி எடுத்ததும் உண்டு. ஒரு வருஷத்துக்குள் இருபது முறை அளவில் திரும்பத் திரும்பப் பூசிச் சுரண்டினேன் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். ஏறக்குறைய நாலடிச் சதுரம். அதற்குள் மேலிருந்து கீழே ஓடும் கீறல்கள், குறுக்கே ஓடும் கீறல்கள், சாயம் ஒழுகிய தாரைகள், துணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த இடங்கள். முதல் பார்வையில் கண்ட ஒன்றைப் பிடிக்கப் பார்த்து, தவறவிட்டு, அழித்து, திரும்பப் பிடிக்கப் பார்த்து. ஒரு கட்டத்தில் தன் கண்ணிமை மயிரும் அந்தக் காட்சிக்குள் சேர்ந்திருந்ததைக் கண்டு, அதையும் நிழல் கோடாகப் படத்தில் போட்டதாக எழுதுகிறார். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண்ணில் தண்ணி நிற்கும்போது உலகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இமைமயிர் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று.

எக்ஸ்பிரஷனிசம் என்று இதற்குப் பின்னால் பெயர் வைத்தார்கள். வெளியில் உள்ளதைக் கீறாமல் உள்ளே பட்டதைக் கீறுவது. ஜேர்மனியில், ட்ரெஸ்டன் நகரத்து இளம் ஓவியர்கள் 1905 இல் ஒன்றுகூடித் தொடங்கியது எல்லாம் இந்தப் படத்துக்கு இருபது வருஷம் பின்னால். பெயர் இல்லாத காலத்தில் அந்த வேலையைச் செய்தவர் திட்டுத்தான் வாங்கவேண்டும், வாங்கினார். பிறகு படத்தைக் குரோக்குக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். துல்லியமாகக் கீறுகிற அந்த மனுஷன்தான் இவருக்காகப் பேசியவர்களில் ஒருவர் என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டு கையும் சந்திக்கிற இடத்தைப் பாருங்கள். சின்னம்மாவின் கை பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறது என்று எல்லாரும் சொல்வோம். கிட்டப் போனால் அங்கே கையும் இல்லை, விரலும் இல்லை. சாயத்தின் ஒரு திட்டு. படத்தின் நட்ட நடுவில், எல்லாவற்றிலும் முக்கியமான இடத்தில், மனுஷன் ஒன்றையும் கீறவில்லை. பேத்தி விரலால் காற்றில் அந்த இடத்தைச் சுற்றிக் காட்டி, "பார், இங்கதான் முடிக்கேல்லை" என்றாள். சரியான இடத்தைத்தான் காட்டினாள்.

அக்காவின் கடைசி நாளன்று காலையில் டொக்டர் வந்துவிட்டுப் போனார். போகும்போது படலையடியில் நின்று அப்பாவிடம், "பிள்ளை ஆசைப்படுறதைக் குடுங்கோ" என்றார். அதுவரை உப்புக் கூடாது, தண்ணியும் அளவோடு என்று கட்டுப்பாடு. எனக்குச் சந்தோஷம். அக்காவுக்குச் சுகம் வருகிறது, கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியில் வரவில்லை.

அக்கா சோடா கேட்டா. பின்னேரம் நாலு மணி இருக்கும். அம்மா கதிரைக்குப் பக்கத்தில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டா.

"சந்திக் கடையில ஒரு சோடா வாங்கிக்கொண்டு கெதியா ஓடி வா. அண்ணையிட்டைக் கொப்பியில எழுதச் சொல்லு. வழியில நிண்டு பிராக்குப் பாக்காதை."

தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமை. யாழ்ப்பாணத்தில் அது பட்டக் காலம். வாடைக் காற்று ஒரே சீராக வீசும். சோடாவை வாங்கிக்கொண்டு வருகிற வழியில் வெறும் வளவுக்குள் பெடியள் கொக்குப் பட்டம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய பட்டம், விண் பூட்டியது. விண் தெரியாதவர்களுக்குச் சொன்னால், பட்டத்தின் தலையில் வில் மாதிரி வளைத்துக் கட்டி, அதில் நார் இழுத்து விடுவார்கள். காற்றுப் பட்டால் அது கூவும். மேலே போகப் போகக் கூவல் மாறும். இரவில் பட்டத்தை மரத்தில் கட்டிவிட்டுப் போனால் விடியும்வரை ஊருக்கு மேலே கூவிக்கொண்டிருக்கும். நான் வேலிக்கரையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பட்டம் இரண்டு முறை குத்தி விழுந்து மூன்றாம் முறை ஏறியது எனக்கு ஞாபகம். கையில் போத்தல் குளிராக இருந்தது, பிறகு குளிர் போய்விட்டது, அதுவும் ஞாபகம்.

திரும்பி ஒழுங்கைக்குள் நடக்கும்போது கூவல் கேட்டது. விண் என்றுதான் நினைத்தேன். படலையடிக்கு வந்தபோதுதான் அது எங்கள் வீட்டுக்குள் இருந்து வருகிறது என்று தெரிந்தது.

அறைக்குள் பெரியம்மா, பக்கத்து வீட்டு மாமி, அப்பா எல்லாரும் நின்றார்கள். அம்மா மட்டும் கதிரையோடு குனிந்திருந்தா. தலையின் உச்சி வகிடுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவின் கையை அம்மா பிடித்திருந்திருக்கவேண்டும். நான் அதைப் பார்க்கவில்லை. நான் மேசையில் இடம் தேடினேன். மருந்துப் போத்தல்களைக் கொஞ்சம் தள்ளி, மூக்குப்பேணிக்குப் பக்கத்தில் சோடாவை வைத்தேன். ஏன் பிந்தினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தா. கேட்கவே இல்லை.

மூங்க் இந்தப் படத்தை ஒருமுறை கீறி விட்டுவிடவில்லை. நாற்பது வருஷத்துக்குள் திரும்பத் திரும்பக் கீறி, எண்ணெய்ச் சாயத்தில் மட்டும் ஆறு படம் இருக்கிறது. 1896 இல் பாரிசில் கல்லச்சில் பல நிறங்களில் அச்சடித்ததும் உண்டு. அதில் பிள்ளையின் தலை மட்டுந்தான். எண்ணெய்ச் சாயப் படங்களில் ஒன்று கோதன்பேர்க்கில், ஒன்று ஸ்ரொக்ஹோமில், ஒன்று லண்டனில். லண்டன் படத்துக்குத் தனிக் கதை. ட்ரெஸ்டன் நகரத்துக் கலைக்கூடம் வாங்கி வைத்திருந்தது. நாசிகள் இதெல்லாம் சீரழிந்த கலை என்று, ஜேர்மனியக் கலைக்கூடங்களில் இருந்த மூங்கின் 82 வேலைகளை அப்புறப்படுத்தியபோது அதுவும் போனது. நோர்வேக் கப்பல்காரர் தோமஸ் ஒல்சன் வாங்கி 1939 இல் லண்டன் டேட்டுக்குக் கொடுத்தார். லண்டனில் இருக்கிற என் மச்சாள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, "எடி, உங்கட வீட்டு அறை மாதிரியே கிடக்கு" என்று ரெலிபோன் எடுத்தா. நான் அவவுக்கு இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கைக்கு வராததால் திரும்பத் திரும்பக் கீறினார் என்று சிலர் எழுதுகிறார்கள். விற்றதால், வாங்க ஆள் இருந்ததால் என்றும் சொல்கிறார்கள். அதுவும் பொய்யாக இருக்காது, ஓவியனும் சோறு தின்னவேண்டும். எனக்கு அதில் புதினம் இல்லை. நாங்கள் வருஷாவருஷம் திவசம் கொடுக்கிறோம். அதே வாழையிலை, அதே மரக்கறி, அதே எள்ளும் தண்ணியும். போன வருஷம் சரியாகச் செய்யவில்லை என்றா இந்த வருஷம் செய்கிறோம்?

இதே கலைக்கூடத்தில் மூங்கின் இன்னொரு படம் இருக்கிறது. 1893 இல் கீறியது, ‘நோயாளி அறையில் மரணம்’. பேத்தி அதற்குள் களைத்துப்போய் வாங்கில் இருந்துவிட்டாள். நான் தனியே போய் நின்றேன். அதிலும் பிரம்புக் கதிரை, ஆனால் முதுகுப்புறம் எங்களுக்கு. கதிரையில் இருக்கிற பிள்ளை தெரியாது. செத்தவளைக் காட்டாத செத்தவீடு. நிலம் பெரிய வெறும் நிலம். கட்டிலுக்குக் கீழே மூத்திரச் சட்டி. ஆட்கள் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தகப்பன் கையைக் கூப்பியபடி. கரென் சின்னம்மா கதிரையைப் பிடித்தபடி. ஒரு தங்கை குனிந்து இருக்கிறார், மற்றத் தங்கை எங்களைப் பார்த்து விறைத்துப்போய் நிற்கிறார். தம்பி அந்திரேயாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போகிறார்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அது பிந்தித்தான் பிடிபட்டது. சோஃபி இறந்தபோது இவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். எங்களைப் பார்த்து நிற்கிற இங்கெருக்கு ஒன்பது வயது. கதவுக்குப் போகிற அந்திரேயாஸுக்குப் பன்னிரண்டு. படத்தில் எல்லாரும் வளர்ந்த ஆட்கள். 1893 இல் இருந்த வயதிலேயே அவர்களை அந்தப் பதினாறு வருஷப் பழைய அறைக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார் மூங்க். 1889 இல் செத்துப்போன தகப்பனையும் கூட்டிவந்து தொழவைத்திருக்கிறார். பிழை விட்டுவிட்டார் என்று யாரும் சொல்லமுடியாது. அந்த அறைக்குள் போகிறபோது நாங்கள் அப்படித்தான் போகிறோம். நானும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக அங்கே போவதில்லை. முழங்கால் நோவும் மூக்குக் கண்ணாடியுமாக, பேத்தியின் குளிர்ச் சட்டையைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போய் நிற்கிறேன். அக்காவுக்குப் பதினாறு.

அந்த மூத்திரச் சட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். வேறு ஓவியர் என்றால் அதை விட்டிருப்பார். அழுகிற நேரத்தில் கண் எங்கே போகும் என்று மூங்குக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் செத்தவீட்டில் பெரியம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தா. அந்தக் காலத்தில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாக இருந்து அழுவார்கள். புதிதாக ஒருவர் படலைக்குள் வந்தால் குரல் ஏறும். பெரியம்மாவின் ஒப்பாரிக்கு ஊரில் மதிப்பு. கல்லும் கரையும். நல்ல உச்சத்தில் சட்டென்று நிறுத்தி, தலையைத் திருப்பி, "வெளியில மேளகாரருக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்தில் இருந்து திரும்பவும் எடுத்தா. அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. அவ அழுதது உண்மை, தேத்தண்ணியும் உண்மை.

இப்போது ஊரிலும் ஒப்பாரி குறைந்துவிட்டதாம். இங்கே நான் அதைக் கேட்டதே இல்லை. நான் இருபது வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். யாராவது இறந்தால் சன்னலைத் திறந்துவிடுவோம், மெழுகுதிரி ஒன்று கொளுத்தி வைப்போம். பிள்ளைகள் வருவார்கள், கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். ஒரு சத்தம் இருக்காது. மகன்காரன் ஒருவர் மேசையில் இருந்த தாயின் மூக்குக் கண்ணாடியை எடுத்து, சேட்டு நுனியால் துடைத்து, திரும்ப வைத்து, திரும்ப எடுத்துத் துடைத்தார். நான் அந்த அறையில் நின்ற அரை மணித்தியாலமும் அதுதான். முகத்தை ஒருமுறையும் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் இந்தச் சனத்துக்கு நெஞ்சு இல்லை என்று நினைத்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

பேத்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். பசிக்கிறதாம். போகமுதல் இன்னொருமுறை ‘நோயாளிப் பிள்ளை’யிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்படைக்கு என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் போத்தலுக்குள்ள என்ன?" என்றாள்.

"மருந்தா இருக்கும்."

"குடிச்சவளா?"

"தெரியாது பிள்ளை."

எங்கள் சோடா உடைக்காமலே மேசையில் இருந்தது. துடக்கு, அந்த வருஷம் பொங்கல் இல்லை. எட்டுக்குப் படைக்கும்போது அக்காவுக்கு விருப்பமானது எல்லாம் வைக்கவேண்டும் என்று பெரியம்மா சொல்ல, தோடம்பழத்தோடு அதையும் மூடி திறந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நுரைத்து வழிந்தது. அடுத்த நாள் வெறும் போத்தலைக் கழுவி என்னிடம் தந்து, கடையில் கொடுத்துவிட்டு வரச் சொன்னா அம்மா. பிராக்குப் பார்க்காதே என்று சொல்லவில்லை. நான் நேரே போனேன். கடைக்கார அண்ணை போத்தலை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். போத்தற் காசை எடுத்து என் கையில் தந்தார். பிறகு கடன் கொப்பியைத் திறந்து, அப்பாவின் பெயருக்கு நேரே ‘சோடா 1’ என்று எழுதியிருந்ததைக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எழுத்துத் தெரியாமல் போகும்வரை கீறினார்.